தன்னைப் பற்றித் தானே விசாரித்த கவுதாரி

"எவனோ என் கூட்டைக் காட்டிக்கொடுத்திருக்கிறான்! யாராக இருந்தாலும் முன்னால் வாடா!"

காரைப் புதரடியில் நின்று செம்பி என்ற கவுதாரி கத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஏழு முட்டையில் ஒன்றைக் காணோம். காய்ந்த புல்லுக்குள் மறைத்த கூடு அது. தேடி வந்தவன் எடுத்த மாதிரி இல்லை. தெரிந்தே வந்திருக்கிறான்.

வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். செம்பி மறுநாள் காலையிலேயே மைனா மரத்துக்குப் போனாள். யாரைப் பற்றி யார் கேட்டாலும், காதில் விழுந்ததையெல்லாம் ஒப்பிப்பது அந்த மரத்து வழக்கம். அவள் ஒரு செடிக்குப் பின்னால் பதுங்கினாள். குரலை மாற்றிக்கொண்டாள்.

"செம்பின்னு ஒரு கவுதாரியாமே, அவளைப் பத்தி என்ன தெரியும்?"

"காரைப் புதரடியில் கூடு!" என்றது ஒரு மைனா.

"முட்டை ஏழு!" என்றது இன்னொன்று.

"உச்சி வெயிலில் தண்ணீருக்குப் போவாள். கூட்டில் ஆளிருக்காது!" என்றது கிழட்டு மைனா.

செம்பி மாற்றிய குரலிலேயே கேட்டாள்: "யார் சொன்னது இதெல்லாம்?"

"அவளேதான்! முட்டையிட்ட குஷியில் ஊரைக் கூட்டினாள். தண்ணித்துறையில் முயலிடம் கூட்டைப் பற்றிப் பீற்றிக்கொண்டாள். அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். நாங்கள் சேர்த்து வைத்தோம்."

"வேற யார் கேட்டாங்க?"

"காக்கை! இன்றைக்கும் உச்சி வெயிலில் அந்தக் கூட்டுக்குப் போகுமாம்."

செம்பி வெளியே பாய்ந்தாள். "நான்தாண்டி செம்பி! இனி என் பேச்சை எடுக்காதீங்க!"

"அதெப்படி அக்கா? கேட்டால் சொல்வது மரத்து வழக்கமாச்சே!"

"அப்படியா? உன் குஞ்சுகள் எந்தப் பொந்தில்? எப்போது தனியாக இருக்கும்? சொல்லு! காக்கையையும் கூப்பிடவா?"

கிழட்டு மைனா கீழே இறங்கியது.

"தாயே, இனி உன் பேச்சை எடுக்கவே மாட்டோம்."

"என் பேச்சு மட்டுமா? பிள்ளைகுட்டி உள்ள எவர் பேச்சும் கூடாது!"

"சரி, சரி!" பேரம் படிந்தது.

உச்சி வெயிலில் காக்கை நேரே கூட்டுக்கு வந்திறங்கியது. தாகத்தை அடக்கிக்கொண்டு செம்பி புல்லோடு புல்லாகப் படுத்திருந்தாள். காக்கை மூக்கை நீட்டியதும் அதன் மண்டையில் வைத்தாள் ஒரு கொத்து!

"ஐயோ! நீ தண்ணீருக்கல்லவா போயிருக்கணும்?"

"அது பழைய சேதிடா, ஓடு!"

ஆறு முட்டையும் பொரிந்து ஆறு குஞ்சும் புல்லில் ஓடின. காட்டிக்கொடுத்தது தன் வாய்தான் என்று தெரிந்தும் கூசாமல் நின்று சமாளித்தாளே, அவளல்லவா கெட்டிக்காரி!

ஆகவே, இணையத்தில் உன் பேரைப் போட்டு நீயே தேடிப் பார். உன் விவரங்களை ஊருக்கே சொல்லி வீட்டைத் திறந்து போட்டது நீயேயானால், இன்றைக்கே போய் நீயே சாத்திவிட்டு வா!