மூன்றாம் வருஷ வெட்டு

குன்னூருக்கு மேலே ஒரு தோட்டச் சங்கம் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ரிட்டயரான கலெக்டர் உண்டு, கான்வென்ட் பிரின்சிபால் உண்டு. ஆனால் அத்தனை பேருக்கும் வாத்தியார் மாதன்தான். நாலு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் படுகர். வயது நாற்பத்து மூன்று. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் டீ ஆறிப்போகும்.

டாக்டர் சௌந்தரவல்லி அந்தச் சங்கத்தில் சேர்ந்தது மலர்க் கண்காட்சிக் கோப்பைக்காக. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மதுரையில் முப்பத்தைந்து வருஷம் பிரசவம் பார்த்தவர். கைராசி டாக்டர் என்று பெயர். அறுபது முடிந்து மலைக்கு வந்தபின் கை சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஐரிஸ் என்ற பூச்செடியின் புது ரகக் கிழங்குகளை வரவழைத்து நட்டார். பூ ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை மாதிரி இருக்கும். மே மாதக் கண்காட்சியில் பரிசு தனக்குத்தான் என்று அவரே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

அவர் போன முதல் ஞாயிறு, கூட்டம் மாதன் வீட்டில்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி. எல்லாம் பழைய ஐரிஸ். பாழடைந்த எஸ்டேட் பங்களா, கல்லறைத் தோட்டத்துச் சுவர் என்று எங்கெங்கிருந்தோ தோண்டி வந்த நூறு வருஷத்து ரகங்கள். ஓரத்தில் ஒற்றைக் கிழங்கு, ஒற்றைத் தண்டு, அதில் ஒரே ஒரு பூ. மேலே நிமிர்ந்த மூன்று இதழும் புகை படிந்த மஞ்சள். கீழே தொங்கிய மூன்றும் பழுப்புச் சிவப்பு.

"இது பேர் என்ன வாத்தியாரே?"

"தெரியாது. ரயில்வே ஸ்டேஷன் பின்னால கிடைச்சது. ஸ்டேஷன் மாஸ்டர்னு கூப்பிடறோம்."

"வேற எங்கே இருக்கு?"

"அங்கே வண்டி நிறுத்த சிமென்ட் போட்டுட்டாங்க. இனி இது ஒண்ணுதான்."

டாக்டரம்மாவுக்கு மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற பழக்கம். "கோவிச்சுக்காதீங்க. வெளுத்துப்போன துணி மாதிரி இருக்கு. இதுல என்ன இருக்குன்னு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

மாதன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். ஒரே சீவு. பூ தண்டோடு கையில் வந்தது. அதை அவரிடம் நீட்டினார்.

சௌந்தரவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருந்ததே ஒரு பூ. அதையும் வெட்டிட்டீங்களே!"

"நீங்கதானே கேட்டீங்க."

"கேள்விதானே கேட்டேன்?"

"வீட்டுல வச்சுப் பாருங்க. நான் சொன்னா விளங்காது."

மறுநாள் காலை அந்தப் பூ ஒரு டம்ளர் தண்ணீரில் சமையலறை ஜன்னலில் நின்றது. பக்கத்திலேயே, வேண்டுமென்றே, தன் புதுப் பூ ஒன்றையும் வைத்திருந்தார். குக்கரை ஏற்றிவிட்டு இரண்டையும் பார்த்தார்.

தன் பூவை ஒரு நொடியில் பார்த்து முடித்தாயிற்று. அகலம், சுருக்கு, பளபளப்பு. இரண்டாம் தரம் பார்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. பழைய பூவின் மேல் இதழ் பூண்டுத் தோல் மாதிரி மெலிசாக இருந்தது. வெயில் அதற்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. கீழ் இதழில், தொண்டையிலிருந்து ஓரம் வரை மெல்லிய பேனாவால் இழுத்த மாதிரிக் கோடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. சூடு ஏற ஏற அதிலிருந்து திராட்சை வாசனை வந்தது. தன் பூவை மோந்து பார்த்தார். வெறும் தண்ணீர் வாசனை.

குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, யார் எண்ணினார்கள்? அடிப்பிடித்த நாற்றம் வந்த பிறகுதான் திரும்பினார். இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அறுபது வயசில் ஒரு பூவைப் பார்த்துச் சோற்றைத் தீயவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

மாதனிடம் போய்ச் சொன்னார்.

"அந்தக் கிழங்கை எனக்குத் தருவீங்களா வாத்தியாரே? கண்ணுக்குக் கண்ணா வச்சுக்கறேன்."

மாதன் கொஞ்சம் யோசித்தார். "இங்கே காட்டுப்பன்றித் தொல்லை. உங்க வீட்டுக்கு மதில் இருக்கு. எடுத்துக்கங்க." தோண்டி மண்ணை உதறிக் கையில் கொடுத்தார். "சங்கத்து வழக்கம் தெரியுமில்ல?"

"மூணாம் வருஷ வெட்டுதானே. தெரியும்."

வழக்கம் இதுதான். ஐரிஸ் மூன்று வருஷத்தில் கூட்டமாகப் பெருகிவிடும். மூன்றாம் வருஷம் பூத்து ஓய்ந்ததும் மொத்தத்தையும் தோண்டி வெட்ட வேண்டும். ஒரு துண்டு தனக்கு, மீதியெல்லாம் கேட்டவர்களுக்கு. சங்கத்தில் யாரும் இதை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நடந்து வந்தது.

கைராசி சும்மா போகுமா? முதல் வருஷம் இரண்டு தண்டு, இரண்டாம் வருஷம் ஆறு, மூன்றாம் வருஷம் பதினான்கு. ஊட்டியிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். "இந்த மலையிலேயே இவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்று யாராவது சொல்லும்போது டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். நாமாக இருந்தால் மட்டும் குளிராதா?

மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் வந்தது. முதலில் வந்து கேட்டவர் வேதமாணிக்கம். கடைத்தெருவில் வர்க்கி பிஸ்கட் கடை வைத்திருப்பவர். சங்கத்திலேயே ராசியில்லாத கை அவருடையது. அவர் நட்டு எதுவும் ஆறு மாசம் தாண்டியதில்லை.

"எனக்கு ஒரு துண்டு கிடைக்குமா டாக்டரம்மா?"

"உங்க கையிலயா? உங்க கைபட்டா பிளாஸ்டிக் பூ கூட வாடிடுமே அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். வேதமாணிக்கமும் சிரித்தார்.

பிரின்சிபால் கேட்டார், கலெக்டர் கேட்டார். "இந்த வருஷம் வேண்டாமே, இப்பதான் நல்லா பிடிச்சிருக்கு" என்று டாக்டர் தட்டிக் கழித்தார்.  நாலாம் வருஷம் கண்காட்சியில் பழைய ரகத்துக்கான கோப்பை ஸ்டேஷன் மாஸ்டருக்கே கிடைத்தது. கோப்பை வாங்கிய செடியை யாராவது வெட்டுவார்களா? வேதமாணிக்கம் மறுபடி வந்து கேட்டுவிட்டு, மறுபடி வெறுங்கையோடு போனார்.

ஐந்தாம் வருஷம் ஒரு தண்டுகூட வரவில்லை. இலை மட்டும் காடு மாதிரி வளர்ந்து நின்றது. டாக்டர் எரு போட்டுப் பார்த்தார், தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார். நுனி மஞ்சளானதும் பயம் பிடித்துக்கொண்டது. மாதனுக்குப் போன் போட்டார்.

"என்னமோ தெரியல வாத்தியாரே. வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை சங்கம் முழுக்க அவர் வீட்டுக்கு வந்தது. மாதன் செடியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு மண்வெட்டியை வாங்கி ஓங்கி இறக்கினார்.

"பார்த்து வாத்தியாரே, பார்த்து!"

மொத்தமும் பெயர்ந்து வந்தது. உள்ளே கிழங்கின் மேல் கிழங்கு ஏறி, ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டு கிடந்தன. கூடவே ஒரு நாற்றம் கிளம்பியது. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

மாதன் உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காகக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. தூக்கிக் குப்பையில் போட்டார். அடுத்ததிலும் விரல் உள்ளே போனது. அதையும் போட்டார். டாக்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"எல்லாமேவா?" டாக்டர் குனிந்து பார்த்தார்.

மாதன் அடுத்ததை எடுத்தார். இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில், ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றில் விரல் நின்றது. இஞ்சித் துண்டு அளவு. கெட்டியாக இருந்தது. இரண்டு முளை விட்டிருந்தது. அதைக் கத்தியால் சுத்தமாகச் சீவி எடுத்து, தண்ணீரில் அலசி, தோளில் கிடந்த துண்டில் ஒற்றினார்.

டாக்டர் இரண்டு கையையும் ஏந்தினார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "போதும் வாத்தியாரே. இது ஒண்ணு போதும். இனிமே நீங்க சொல்றபடி கேக்கறேன்."

மாதன் எழுந்தார். அந்தக் கைகளைத் தாண்டி நடந்தார். கேட் ஓரமாக நின்ற வேதமாணிக்கத்தின் கையில் அந்தக் கிழங்குத் துண்டை வைத்தார்.

 கலெக்டர் வாய் திறந்தது திறந்தபடி நின்றார். வேதமாணிக்கம் அதைத் திருப்பி நீட்டினார். "ஐயையோ, எனக்கு எதுக்கு வாத்தியாரே? அவங்ககிட்டயே கொடுங்க."

ஏந்திய கையை டாக்டர் இன்னும் இறக்கவில்லை. "உலகத்துல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவருக்குக் கொடுத்தீங்க? அவர் கைபட்டு எது பிழைச்சிருக்கு? அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. வாத்தியார் உங்களுக்குக் கொடுத்த வெள்ளை ஐரிஸ் என்ன ஆச்சு?"

வேதமாணிக்கம் தலையைக் குனிந்தார். "செத்துப்போச்சு டாக்டரம்மா."

"ஊதா?"

"அதுவும்."

"கேட்டீங்களா வாத்தியாரே?"

மாதன் வேதமாணிக்கத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, அந்த வெள்ளை சாகறதுக்கு முன்னால அதை என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்ய? நமக்குத்தான் ராசி கிடையாதே. ஒரு செடி கைக்கு வந்த அன்னைக்கே பயம் வந்துரும். நாம வச்சிருந்து கொன்னுடக் கூடாதேன்னு, வேர் பிடிச்சதும் பிச்சுப் பிச்சுக் கடைக்கு வாரவங்ககிட்டக் கொடுத்துருவேன். பஸ் கண்டக்டருக்குக் கொடுத்தேன். சர்ச் வாட்ச்மேனுக்கு. ரேஷன் கடை அம்மாவுக்கு. வர்க்கிப் பொட்டலத்தோட சேர்த்துக் கட்டிக் கொடுத்தா வாங்கிட்டுப் போயிருவாங்க."

பிரின்சிபால் மெதுவாகச் சொன்னார். "கான்வென்ட்ல வாசல் நெடுக இருக்கே வெள்ளை. எங்க சர்ச் வாட்ச்மேன் எங்கிருந்தோ கொண்டுவந்தான். அது இவர் கொடுத்ததுதானா?"

"ஊதா என் சம்பந்தி வீட்டுல இருக்கு" என்றார் கலெக்டர். "வர்க்கி வாங்கப்போனப்ப கொடுத்ததாச் சொன்னாங்க."

இன்னொருவர் பஸ் டிப்போ மதிலோரம் பார்த்ததாகச் சொன்னார். 

சௌந்தரவல்லி பேயறைந்த மாதிரி நின்றார். நாலாயிரம் பிரசவம் பார்த்த கை அது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு குழந்தையையும் துடைத்த உடனே பெற்றவள் மடியில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போன கை. ஒன்றையாவது அது வைத்துக்கொண்டதா? இந்த ஒரு பூவை மட்டும் பிடித்த பிடியில் இறுக்கிக்கொண்டது. இப்போது அதில் அழுகின வாடைதான் மிச்சம்.

வேதமாணிக்கம் தன் கைக்குட்டையை விரித்து, அந்தத் துண்டை நடுவில் வைத்து, முளை முறியாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்கு?" என்று கேட்டார் டாக்டர். கோபம் போய்விட்டிருந்தது.

மாதன் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினார்.

"அவர்கிட்டக் கேளுங்க டாக்டரம்மா. அவருக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது."