சுவரை விடாத பல்லி

அந்தக் காலத்தில், ஊர்வன பறப்பனவெல்லாம் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த நாளில், பல்லிக்குச் சுவரேறத் தெரியாது. கல்லிடுக்கில் கிடப்பாள். நிறமும் மண்நிறம். கிளியைக் கொஞ்சினார்கள், மயிலைப் பாடினார்கள், பாம்பைக்கூடக் கும்பிட்டார்கள், பல்லியைக் கண்டால் மட்டும் "சீ, போ!" அது அவளுக்குப் பெரிய மனக்குறை.

ஒருநாள் காலை இரை தேடிச் செங்கரைப் பட்டணத்துக்குள் நுழைந்தாள். அந்த ஊர்த் தெருக்கள் இருக்கின்றனவே, அடேயப்பா! குண்டும் குழியும், சாணமும் சகதியும். பார்த்துக் கால் வைக்காவிட்டால் பல் போய்விடும். அதனால் ஊரே குனிந்த தலை நிமிராமல் நடந்தது. தரையோடு தரையாகப் போன பல்லிதான் அண்ணாந்து பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சுவரில் யானை குளித்துக்கொண்டிருந்தது! அடுத்த தெருச் சுவரில் மீன்காரிகள் சண்டை போட்டார்கள். ஒருத்திக்குக் கொண்டை அவிழ்ந்திருந்தது. எல்லாம் சாயத்தில் தீட்டிய சித்திரம். பசியை மறந்து சுவர் சுவராகப் போனாள். சந்தை மதிலில் ஊர்ச் சனம் மொத்தமும் இருந்தது. அதன் மூலையில், பூக்கூடைக்குக் கீழே, விரலளவில் ஒரு பல்லி.

"ஐயோ, நான்! என்னையும் ஒருத்தர் பார்த்திருக்காங்களே!" சந்தோஷத்தில் அவள் துள்ளிக் குதித்தாள்.

மதிலடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். சாயக்காரி தவமணி. பட்டறையில் மிஞ்சிய சாயத்தைக் கொண்டு இத்தனையும் வரைந்தவள் அவள்தான்.

"ஏன்க்கா அழுறே?"

"தேர்த் திருவிழா வருதில்ல? எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிக்கச் சொல்லிட்டார் மணியக்காரர். 'இதையெல்லாம் யார் பார்க்கிறா?'ன்னு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? நிஜமாவே யாரும் பார்க்கல தங்கச்சி."

"நான் பார்த்தேன்ல!"

சொல்லி வாய் மூடவில்லை, வெள்ளையடிக்கிற சன்னாசி சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டான். நேரே அந்த மூலைக்குத்தான் போனான். பல்லி பாய்ந்தாள். எப்படி ஏறினாளோ அவளுக்கே தெரியாது, ஒரே ஓட்டமாக ஏறித் தன் படத்தின்மேல் நாலு காலையும் பரப்பி ஒட்டிக்கொண்டாள். சளாரென்று வெள்ளையடிக்கும் மட்டை அவள்மேல் விழுந்தது. தலை முதல் வால் வரை சுண்ணாம்பு.

"இறங்கு சனியனே!"

"மாட்டேன்! இந்த ஊர்லயே எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு இடம்தான்!"

சன்னாசி அவள் வாலைப் பிடித்து ஓங்கி இழுத்தான். வால்தான் வந்தது, பல்லி வரவில்லை. கையிலிருந்த வால் துள்ளியதும் "ஐயையோ!" என்று அலறிக் கீழே எறிந்தான்.

சந்தையே கூடிவிட்டது. பழக்கதோஷம், எல்லோரும் குனிந்து வாலையே வேடிக்கை பார்த்தார்கள். பல்லிக்கு உயிர் போகிற வலி. ஆனாலும் நாக்கைத் தட்டினாள்: "ச்சு! ச்சு! ச்சு! மேலே பாருங்கய்யா!"

அத்தனை தலையும் நிமிர்ந்தது.

"ஆத்தாடி, இது என் கூடையாச்சே!" என்றாள் பூக்காரி.

"டேய், நம்ம செவலைக் காளைடா!"

கூச்சல் கேட்டு ஓடிவந்த மணியக்காரரும் பார்த்தார். படத்தில் வடைக்கடை முன்னால் எச்சில் ஊற நிற்பது சாட்சாத் அவரேதான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சன்னாசி! வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடு. இந்த ஊர்ப் படங்கள் மேல ஒரு சொட்டு விழுந்துச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

ஊர் குலவையிட்டது. தவமணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்க்கக் கிளம்பினார்கள். "நீயும் இறங்கி வாடி, என் தங்கமே!" என்று கூப்பிட்டாள் அவள்.

"நான் ஏன்க்கா இறங்கணும்?" என்றாள் பல்லி.

அன்று முதல்தான் பல்லி சுண்ணாம்பு நிறத்தோடு சுவரே கதியென்று இருக்கிறாள். பிடித்து இழுத்தால் வாலை விடுவாள், சுவரை விடமாட்டாள். அவள் "ச்சு ச்சு" என்றதும் நாமும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்க்கிறோம்.