நாடுகடத்தப்பட்ட தலைப்பாகை

மங்கலக்குன்றம் நாட்டில் எந்த மந்திரியும் தப்பே செய்ததில்லை. இருபது ஆண்டு விசாரணை ஓலைகள் அதற்குச் சாட்சி.

அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. மந்திரி மீது யாராவது புகார் சொன்னால், அவர் தம் தலைப்பாகையைக் கழற்றிச் சபை நடுவில் உள்ள பலகையில் வைக்க வேண்டும். அதே பலகையில் அதன் பக்கத்தில் வெறுந்தலையோடு நின்று பதில் சொல்ல வேண்டும். இதை ஏற்படுத்தியவர் ஒரு கண்டிப்பான ராஜா. அவர் இறந்துபோனார். வெறுந்தலையாக நின்றால் சளி பிடிக்கிறது என்றார் ஒரு மந்திரி. வேறு தலைப்பாகை கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. கால் வலிக்கிறது என்றார் இன்னொருவர். உட்கார அனுமதி கிடைத்தது. கடைசியில் பலகையில் தலைப்பாகை மட்டும் மிஞ்சியது. பலகையையும் அதற்குத் தக்கபடி சிறிதாக்கிவிட்டார்கள்.

மூன்று மந்திரிகள் அந்தத் தலைப்பாகையைச் சுற்றி அமர்வார்கள். "குற்றம் செய்தாயா?" என்று மூன்று முறை கேட்பார்கள். அது பேசாது. விடுதலை. பொய்ப் புகார் சொன்னதாகப் புகார்க்காரரின் நிலம் பறிபோகும்.

இதெல்லாம் தெரிந்தும் ஒரு கோடையில் கீழ்மடை ஊரிலிருந்து சடையாயி என்ற உழவர் பெண் சபைக்கு வந்தாள்.

"மன்னா, எங்க ஊர் மதகை ஏரி மந்திரி அடைச்சுட்டாரு. தண்ணியெல்லாம் அவர் தோட்டத்துக் குளத்துக்குப் போகுது. அங்க அன்னம் நீந்துது. இங்க கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் மூணு நாள் போனா ஊரே பட்டினிதான்."

ஏரி மந்திரி குமாரவிடங்கர் கொட்டாவி விட்டார். அவருடைய வேலையாள் ஒரு தலைப்பாகையைக் கொண்டுவந்து பலகையில் வைத்தான். அவர் தலையில் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது.

விசாரிக்க மூன்று மந்திரிகள் எழுந்தார்கள். மன்னர் வீரகேதனர் நல்லவர்தான். மந்திரிகளை எதிர்த்துப் பேசினால் அவருக்குத் தலைவலி வரும். அதனால் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அப்போது கட்டியக்காரர் பூதப்பர் தொண்டையைக் கனைத்தார். மன்னரும் மந்திரிகளும் உள்ளே வரும்போது அவர்கள் பெயரையும் பட்டத்தையும் உரக்கச் சொல்வது அவர் வேலை.

"ஒரு விண்ணப்பம், மன்னா. வாசலில் கீழ்மடை ஊரே நிற்கிறது. இந்த முறையும் விடுதலை என்றால் நம்ப மாட்டார்கள். ஒரே ஒரு தடவை தண்டித்தால் என்ன?"

"யாரை?" என்று குமாரவிடங்கர் நிமிர்ந்தார்.

"தலைப்பாகையைத்தான், பிரபு. நாடுகடத்திவிடலாம். மக்களும் சமாதானமாகப் போய்விடுவார்கள்."

குமாரவிடங்கர் யோசித்தார். வீட்டில் இன்னும் இருபது தலைப்பாகை இருந்தது. "நல்ல யோசனை. உனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது."

"ஆனால் வெறும் துணியைத் தண்டித்தார்கள் என்று ஊர் சிரிக்குமே?"

"சிரிப்பதா! அந்தத் தலைப்பாகைதான் ஏரி மந்திரி. அதற்குக் கொடுக்கும் தண்டனை ஏரி மந்திரிக்கே கொடுத்த தண்டனை. அப்படியே ஓலையில் எழுது."

பூதப்பர் எழுதினார். எல்லா மந்திரிகளும் முத்திரை வைத்தார்கள். இருபது ஆண்டில் முதன்முறையாக ஒரு மந்திரி குற்றவாளி ஆனார். மந்திரிகள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

தலைப்பாகையை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். முன்னால் பறை, பின்னால் நான்கு வீரர்கள். ஆற்றுக்கு அக்கரையில் இறக்கிவிட்டு, திரும்பி வந்தால் கழுமரம் என்று அதை எச்சரித்துவிட்டு வந்தார்கள்.

சடையாயி பூதப்பரிடம் வந்தாள். "நல்லா இருக்குய்யா உங்க நியாயம். துணிக்கு வண்டி கட்டினீங்க. என் வயலுக்குத் தண்ணி?"

"நிலம் தப்பிச்சது இல்லையா தாயி? தண்ணிக்கு நாளைக் காலை வரை பொறுத்துக்கோங்க."

"பயிருக்கு யாரு சொல்றது அதை?"

பூதப்பர் தீர்ப்பு ஓலையைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை சபை கூடியது. சடையாயியும் ஓரமாக வந்து நின்றாள். மந்திரிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பூதப்பர் ஒவ்வொருவருக்கும் கட்டியம் கூறினார். குமாரவிடங்கர் புதுத் தலைப்பாகையோடு வாசலில் வந்து நின்றார். பூதப்பர் வாய் திறக்கவில்லை.

"ஏனய்யா, கட்டியம் எங்கே?"

"யாருக்கு ஐயா?"

"யாருக்கா? ஏரி மந்திரிக்கு!"

"அவரை நேற்றே ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தார்களே. தாங்கள் யார் என்று தெரியவில்லையே."

"அடேய், அது தலைப்பாகை!"

பூதப்பர் ஓலையை எடுத்துப் படித்தார். "'அந்தத் தலைப்பாகைதான் ஏரி மந்திரி.' முத்திரைகள் பதினொன்று. முதல் முத்திரை குமாரவிடங்கருடையது." ஓலையை மடித்தார். "தாங்கள் ஏரி மந்திரி என்றால், நாடுகடத்தப்பட்டவர் திரும்பி வந்திருக்கிறீர்கள். கழுமரம் தயார் செய்யச் சொல்கிறேன். ஏரி மந்திரி இல்லை என்றால், வழிப்போக்கர். வழிப்போக்கருக்கு இந்தச் சபையில் ஆசனம் கிடையாது. எதைச் சொல்லி அழைக்கட்டும்?"

குமாரவிடங்கர் மற்ற பத்து மந்திரிகளையும் பார்த்தார். பத்துப் பேரும் கூரையில் உள்ள சித்திரங்களை ரசித்துக்கொண்டிருந்தார்கள். மன்னரைப் பார்த்தார். மன்னர் முதன்முறையாக ஜன்னலைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்.

புதுத் தலைப்பாகையை மெதுவாகக் கழற்றினார். "வழிப்போக்கன்."

"ஏரிக்கு இப்போது மந்திரி இல்லை," என்றார் மன்னர். "மதகைக் கீழ்மடைக்காரர்களே திறந்துகொள்ளட்டும்."

சடையாயி நன்றி சொல்ல நிற்கவில்லை. மண்வெட்டி எடுக்க ஓடினாள்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூதப்பரே, என்ன பரிசு வேண்டும்?"

"அந்தப் பலகையை மாற்றித் தாருங்கள், மன்னா. தலைப்பாகை வைக்கத்தான் இடம் இருக்கிறது. ஆள் நிற்கும் அளவுக்கு வேண்டும்."

தச்சரை அழைத்தார்கள். அவர் அளவுகோலோடு வந்து, "எத்தனை பேர் நிற்க?" என்று கேட்டார்.

பூதப்பர் மந்திரிகளின் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார்.

"நீளமாகவே போடுங்கள்."