மச்சம் மாறிய பதக்கம்

எங்கள் புளியங்கொம்பூரில் தலைவர் பதக்கம் சேர்த்து வைக்காத வீடே கிடையாது. போன தலைவரின் பதக்கம் இன்றைக்கும் எல்லா வீட்டிலும் பத்திரமாக இருக்கிறது, ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில்.

இப்போதைய கட்சித் தலைவர் மாசிலாமணிக்கும் பதக்கம் அடிக்கும் ஆசை வந்தது. அவர் அரசியலுக்கு வந்து இருபத்தைந்து வருடம். வெள்ளிவிழாவுக்கு மேலிடப் பார்வையாளர் வருகிறார், மேடையிலேயே எம்.எல்.ஏ. சீட்டை அறிவிக்கப்போகிறார். தன் முகம் பொறித்த வெள்ளிப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டால் சீட் தனக்குத்தான் என்று மாசிலாமணி நம்பினார்.

சங்கிலிக்கருப்பு, ஞானப்பிரகாசம், வைரக்கண்ணு என்ற மூன்று அறிவாளிகளை வைத்துப் பதக்கக் குழு அமைத்தார்.

"முகம் அச்சு அசலா இருக்கணும். வலது கன்னத்து மச்சம்கூட மாறக் கூடாது. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாருங்க!"

மூவரும் ஆளுக்கு அரை ஆழாக்கு ஊற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அச்சு வெட்டுகிற கும்பலிங்கம் இரும்பு அச்சை நீட்டினார். சங்கிலிக்கருப்பு கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஐயையோ, மச்சம் இடது கன்னத்துல இருக்கு!"

"அச்சுல மாறித்தாங்க இருக்கும். வெள்ளியில அடிச்சா நேரா விழும்," என்றார் கும்பலிங்கம்.

"மாறித்தான் இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டாரு," என்றார் ஞானப்பிரகாசம்.

"எதிர்க்கட்சிக்காரன் வேலைதான்," என்று வைரக்கண்ணு தீர்ப்புச் சொன்னார்.

கும்பலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு, அவர்கள் சொன்னபடியே அச்சை நேராக வெட்டி, நூறு பதக்கம் அடித்துக் கொடுத்தார். நூற்றிலும் மச்சம் இடது கன்னத்துக்குத் தாவியிருந்தது. பெயர் வலமிருந்து இடமாக ஓடியது.

விழா மேடையில் அதைப் பார்த்த மாசிலாமணிக்கு வியர்த்துக் கொட்டியது. "என் சீட் போச்சேடா! இது யாருன்னு பார்வையாளர் கேட்டா என்னடா சொல்றது?"

ஞானப்பிரகாசம் நிதானமாகச் சொன்னார்: "நூறு பதக்கம் மச்சம் இடதுலன்னு சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் வலதுலங்கறீங்க. நம்ம கட்சியில பெரும்பான்மை சொல்றதுதானே தலைவரே முடிவு?"

"அப்போ மாத்த வேண்டியது தலைவரைத்தான்," என்றார் வைரக்கண்ணு.

சங்கிலிக்கருப்பு ஓடிப்போய் சலூன் கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றி வந்து மேடையில் நிறுத்தினார். "இதைப் பாத்து நில்லுங்க தலைவரே."

மாசிலாமணி பார்த்தார். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது! அவரும் எங்களூர்க்காரர்தானே, பூரித்துப்போய்க் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி அப்படியே நின்றுவிட்டார்.

"மாலையை யாருக்குப் போடறது?" என்று கேட்டார் ஞானப்பிரகாசம்.

"பதக்கத்துல இருக்கிறவருக்குத்தான்," என்றார் சங்கிலிக்கருப்பு.

கண்ணாடிக்கு ரோஜா மாலை விழுந்தது. நல்ல காரியமாயிற்றே என்று வைரக்கண்ணு அதன் முன்னால் ஊதுவத்தியும் ஏற்றி வைத்தார்.

பார்வையாளர் வந்தார். சட்டத்துக்குள் முகம், மேலே மாலை, கீழே ஊதுவத்தி. பார்த்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன். போன வாரம்கூடப் பேசினாரே! எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லுங்க."

ஊரே எழுந்து நின்றது. மேலிடத்து உத்தரவை மீற முடியுமா? மாசிலாமணியும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"யாருடா போயிட்டது?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியல தலைவரே," என்றார் சங்கிலிக்கருப்பு. "யாரா இருந்தா என்ன? அவர் சீட் காலியாத்தானே இருக்கும். நீங்க கேட்டு வாங்கிடுங்க!"