கறை இல்லை, கரை

அந்தக் காலத்தில் பறவைகளும் தங்கள் ஊர் மனிதர்களின் பேச்சையே பேசின. அப்போது காகத்துக்குக் கணீரென்ற குரல். அதனால் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கப்பலும் ஒரு காகத்தை ஏற்றிக்கொள்ளும். தூரத்தில் நிலம் தெரிந்ததும், பாய்மர உச்சியிலிருந்து "கரை!" என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். மூன்று வேளையும் சோறு கிடைக்கும்.

அஞ்சனம் என்ற காகம் ஒரு சீனக் கப்பலில் சீனம்வரை போய், ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு மனசே சரியில்லை. கப்பல் தலைவர் லியாங் இந்தமுறை புதிதாக ஒரு கிண்ணம் கொண்டுவந்திருந்தார். அதன் தண்ணீரில் ஓர் ஊசி மிதந்தது. எப்படித் திருப்பினாலும் அது தெற்கையே காட்டியது.

"பார்த்தாயா, இது சோறே கேட்காது" என்று லியாங் சிரித்தார். நாகையில் பட்டு விற்றுப் பழகியதில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"வாயே இல்லையே, எப்படிக் கேட்கும்?" என்றது அஞ்சனம்.

"கோபப்படாதே. நாகையில் இறங்கிக்கொள். இனி எனக்கு ஊசி போதும்."

அஞ்சனத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. போகும்போது அதன் சொல்லைக் கேட்டுக் கப்பலைத் திருப்பிய நாகைச் சுக்கானியும் இப்போது உடன் இல்லை. சீனத்திலேயே பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்.

கோடிக்கரையை நெருங்கியபோது காலைப் பனி கடலை மூடியிருந்தது. பனிக்கு மேலே, உச்சியில் உட்கார்ந்திருந்த அஞ்சனத்துக்கு மட்டும் எதிரே நிலம் தெரிந்தது. கப்பல் நேராக அதில் மோதப் போனது.

"கரை! கரை!"

லியாங் பதறி எழுந்தார். நாகைக் கடைகளில் அவர் தினமும் கேட்ட சொல் அது. வாங்குகிறவர்கள் பட்டுத்துணியை விரித்துப் பார்த்து, "இதோ கறை, அதோ கறை" என்பார்கள்.

"ஐயோ, என் பட்டு! எல்லோரும் வாருங்கள்!" என்று கீழ்த்தளத்துக்கு ஓடினார். ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

"கறை இல்லை ஐயா, கரை!"

"அதைத்தானே நானும் தேடுகிறேன்! எந்த மூட்டையில்?"

அவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அஞ்சனம் விடவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தியது. நூறாவது தடவை தொண்டை கிழிந்து, "கா" மட்டும்தான் வந்தது.

பறந்துபோய்த் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அஞ்சனம் கீழே இறங்கி, கிண்ணத்து ஊசியைக் கவ்வி, கீழ்த்தளத்தில் லியாங்கின் கண்ணெதிரே காட்டிவிட்டு, கப்பலின் முன்முனைக்குப் பறந்தது.

"அடி திருட்டுக் காக்கையே! ஊசியைக் கொடு!"

மூட்டையைப் போட்டுவிட்டுத் துரத்திவந்த லியாங் முன்முனையில் அப்படியே நின்றுவிட்டார். பனிக்குள் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மணல்.

"நங்கூரம்! நங்கூரத்தைப் போடுங்கள்!"

இரண்டு மூங்கில் தூரத்தில் கப்பல் குலுங்கி நின்றது. லியாங் மணலைப் பார்த்தார், காகத்தைப் பார்த்தார்.

"இதற்குப் பெயரா கரை?"

அஞ்சனம் ஊசியை அவர் கையில் போட்டுவிட்டு, "கா" என்றது.

"திசைக்கு ஊசி, கரைக்கு நீ. இறங்குகிற பேச்சையே எடுக்காதே, தாயே" என்று அவர் தன் சோற்றுக் கிண்ணத்தை அதன்முன் வைத்தார்.

கிழிந்த தொண்டை பிறகு சேரவே இல்லை. அந்தக் குரலே அதன் குஞ்சுகளுக்கும் வந்தது. ஆனாலும் காகம் என்ன சொல்ல வருகிறது என்று நாகைக்காரர்களுக்குத் தெரியும். குயில் கூவுகிறது, மயில் அகவுகிறது; அன்று முதல் காகம் மட்டும் கரைகிறது.