ஜம்போவுக்குப் பின்னால் ஒரு சின்ன விமானம்

மருதங்காடு விமான நிலையத்தின் தலைவர் நாச்சியப்பன் அதட்டினால் ஓடுபாதைகூட எழுந்து நிற்க வேண்டும். விமானங்கள் கிளம்பும் நேரத்தைக் கணக்கிடும் புதிய தரவுத்தளத்தை வடிவமைத்த எங்கள் குழுவைக் கூப்பிட்டார்.

"பெரிய விமானம் கிளம்பினா, அடுத்த சின்ன விமானம் மூணு நிமிஷம் நிக்கணுமா? பூஜ்யம்னு மாத்துங்க. நாளையிலேர்ந்து நிறைய விமானம் விடணும்!"

பெரிய விமானம் போன பின்னும் அதன் காற்று கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றுகொண்டிருக்கும். சின்னதைப் புரட்டிப் போட்டுவிடும். அது அவருக்கும் தெரியும். எதிர்த்துப் பேசத்தான் ஆளில்லை.

எங்கள் குழுவில் புதிதாக வேலைக்கு வந்த ஜெபக்கனி எழுந்தாள்.

"மாத்திடலாம் சார்."

விதி அட்டவணையில் பூஜ்யம் என்று தட்டினாள்.

"சோதிக்க நிஜப் பயணம் ஒண்ணு வேணும் சார். நாளைக்கு நீங்க சென்னை போற சின்ன விமானத்தையே போட்டுட்டேன். முன்னாடி ஜம்போ. அது மேல எழும்பின அதே நொடி நீங்க கிளம்புறீங்க. சேமிச்சிடட்டுமா சார்?"

சுவர்த்திரையில் இரண்டு விமானங்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தைரியமா என்று நாங்கள் வாய் பிளந்து நின்றோம்.

நாச்சியப்பன் திரையையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பழைய விதி எவ்வளவு?"

"மூணு நிமிஷம் சார்."

"நாலா போடும்மா."