விலக்கில்லாத விருந்தாளிகள்

முன்னொரு காலத்தில், மலையடிவாரக் கோட்டை ஒன்றில், சந்தடி கேட்காவிட்டால் சாப்பாடு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். அவர் தலைநகரில் சந்தடிக்குக் குறைவே இருந்ததில்லை. அருவியில் நீராட வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள், மல்யுத்தம் பார்க்க வருகிறவர்கள் என்று வருஷம் முழுக்க வெளியூர்க் கூட்டம் மொய்க்கும்.

ஒரு வருஷம் கடல் வாணிபம் நொடித்தது. கப்பல் வரவில்லை, சரக்கு நகரவில்லை. கையில் இருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு ஜனங்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். சத்திரங்களில் அடுப்பு அவிந்தது. மல்லர்களின் தலைவன் வீரபாகு தன் கர்லாக்கட்டைகளை ஒவ்வொன்றாக விறகுக்கு விற்றான்.

ஒருநாள் ராஜா இலை முன் உட்கார்ந்து, உருட்டிய கவளத்தைக் கீழே வைத்தார்.

"ஊர் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது? சபையைக் கூட்டுங்கள்!"

சபையில் விகடகவி கூத்தபிரான் எழுந்தான். "பிரபு, நல்ல காலம் திரும்பும்வரை சத்திரங்களுக்கும் மல்லர்களுக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல்லும் எண்ணெயும் கொடுங்கள். சமைக்கிற கையும் மல்லுக்கு நிற்கிற தோளும் பிழைப்புத் தேடிப் போய்விட்டால், நாளைக்குக் கூட்டம் வந்தாலும் வரவேற்க ஆள் இருக்காது."

ராஜா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பண்டார அதிகாரி விரூபாட்சரின் வயிற்றில் நெருப்பாக விழுந்தது. களஞ்சியத்தின் சாவி இருப்பது அவர் இடுப்பில். ஆனால் யோசனை கேட்பது இந்தக் கோமாளியிடம்! இருபது வருஷமாக அவர் குனிந்த குனிவுக்கு ராஜா ஒருநாளாவது இப்படித் தலையாட்டியதுண்டா?

"மகாராஜா," என்றார் பணிவாக. "விருந்தினர் தங்காத சத்திரத்துக்கு நெல் எதற்கு? சித்திரை முழுநிலவு அன்று ஒரே நாளில் நூறு விருந்தினரைக் கூத்தபிரான் வரவழைக்கட்டும். வந்தால் களஞ்சியத்தைத் திறக்கிறேன். வராவிட்டால் மானியமும் இல்லை, மறுநாள் அவரும் இந்த ஊரில் இல்லை."

பந்தயம் என்றால் ராஜாவுக்கு வெல்லக்கட்டி. "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார்.

கூத்தபிரான் கேட்டான்: "விருந்தினர் என்றால் யார் என்று எழுதிவிடலாமே?"

உள்ளூர்க்காரர்களைச் சத்திரத்தில் உட்காரவைத்து இவன் ஏமாற்றிவிடுவான் என்று விரூபாட்சருக்குச் சந்தேகம். ஓலையை வாங்கித் தம் கையாலேயே எழுதினார்: "அன்று சூரியன் உதித்தபின் கோட்டைக்கு வெளியேயிருந்து வாயில் வழியாக உள்ளே வருகிறவரே விருந்தினர். அவர் மூன்று நாள் சத்திரத்தில்தான் தங்க வேண்டும்; வேறு வீட்டுக்குப் போகிறேன் என்பவரை உள்ளே விடலாகாது."

"பெரிய பதவியில் இருப்பவர் வந்தால்?"

"யாராயினும் விலக்கில்லை," என்று கடைசி வரியையும் சேர்த்தார். ராஜா முத்திரையிட்டார்.

கூத்தபிரான் பதினைந்து நாள் ஊர் ஊராக அலைந்தான். வேடிக்கையாகப் பேசினான், அருவியைப் புகழ்ந்தான், மல்லர்களைப் புகழ்ந்தான். ஜனங்கள் சிரித்தார்கள், கிளம்பவில்லை. "ஐயா, இருக்கிற காசுக்கு அரிசி வாங்கவா, அருவியில குளிக்கப் போகவா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

முழுநிலவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கால் வீங்கித் திரும்பி வந்தான். பூரணத்தம்மாளின் சத்திரத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அந்தம்மாள் பாத்திரங்களைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

"தங்கச்சி ஊருக்கு. அங்க போயி மாவாட்டிப் பொழைச்சுக்கிறேன். நீங்களும் மூட்டையக் கட்டுங்க ஐயா. உங்களையும்தான் தொரத்தப் போறாங்களாமே?"

அந்த நேரம் தெருவில் கூச்சல். சேனாதிபதியின் பல்லக்கும் விரூபாட்சரின் பல்லக்கும் எதிரெதிரே முட்டிக்கொண்டு நின்றன. யாருக்கு யார் வழி விடுவது என்று சண்டை. அரண்மனைக்கு யார் முதலில் போகிறார் என்பதில் இருவருக்கும் உயிரே போய்விடும்போல இருந்தது. தூக்கிகள் வெயிலில் வியர்த்து நின்றார்கள்.

கூத்தபிரான் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தான்.

"அம்மா, அந்தப் பாத்திரத்தையெல்லாம் அவிழ்த்துத் தேய்த்து வையுங்கள்."

நேராக ராஜாவிடம் போனான். முழுநிலவு அன்று கோட்டைக்கு வெளியே ஆற்றுமணலில் மல்யுத்தம் நடத்த அனுமதி கேட்டான். ராஜாவுக்கு மகா சந்தோஷம். அன்று மாலை பறையறைந்தார்கள்: "மகாராஜா எழுந்தருளுவார்! அவருக்கு வலப்பக்க ஆசனம் காலியாக இருக்கிறது. முதலில் வரும் சபையோருக்கே அது!"

முழுநிலவு அன்று விடியுமுன்னே சபை முழுவதும் ஆற்றுமணலில் நின்றது. மந்திரிகள், புரோகிதர், சேனாதிபதி, புலவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதலில் வந்ததற்குச் சாட்சி வேண்டுமே என்று மனைவி மக்களையும் மைத்துனர்களையும் கூட்டி வந்திருந்தார்கள். யார் முதல் என்று தீரவேயில்லை. கடைசியில் ஒரே ஆசனத்தில் விரூபாட்சர் ஒரு பாதியும் சேனாதிபதி மறுபாதியுமாக உட்கார்ந்தார்கள். இருவர் நடுவில் புரோகிதரும் செருகிக்கொண்டார்.

வீரபாகு பட்டினியில் மெலிந்திருந்தான். ஆனாலும் மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடையைத் தட்டியபோது, அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. நாலு பிடியில் எதிராளியைத் தூக்கிப் போட்டான். ராஜா குழந்தையைப் போலக் கைதட்டினார். அவர் கைதட்டிய அளவுக்கு ஒரு தட்டுக் கூடுதலாக எல்லாரும் தட்டினார்கள்.

திருவிழா நாளானதால் அன்று ஏர் பூட்டவில்லை, சந்தையும் இல்லை. வாயில் வழியாக ஓர் ஈ காக்கைகூட நுழையவில்லை. "மாலைக்குள் நூறு பேர் எங்கே?" என்று விரூபாட்சர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே, மல்யுத்தம் முடிந்ததும் முதல் ஆளாக வாயிலுக்கு வந்தார். கையில் அந்த ஓலையோடு நின்ற காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"சாமி, சத்திரம் அந்தப் பக்கம்."

"அடேய்! நான் யார் தெரியுமா?"

"தெரியும் சாமி. பொழுது விடிஞ்சப்புறம் வெளியேருந்து வர்றீங்க. அப்போ நீங்க விருந்தாளி."

"என் வீடு இதோ தெரிகிறதடா!"

"வேற வீட்டுக்குப் போறேன்னா உள்ளயே விடக் கூடாதுன்னு ஓலையில இருக்குங்களே. யாராயினும் விலக்கில்லைன்னு நீங்கதான எழுதினீங்க?"

விரூபாட்சரின் முகம் வெந்த கத்தரிக்காயானது. பின்னால் சபை முழுவதும் மணலில் கால் சுட நின்றது. "பிரபு, இது மோசடி!" என்று அலறினார்.

கூத்தபிரான் கைகட்டி நின்றான். "ஓலையில் ஒரு எழுத்தும் அடியேனுடையது அல்ல, பிரபு. வாயிலில் நிற்பவர்கள் நூற்றிருபத்துநாலு பேர். தங்களைச் சேர்த்தால் நூற்றிருபத்தைந்து."

ராஜா ஓலையை வாங்கிப் படித்தார். தம் முத்திரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்தச் சத்திரத்தில் வற்றல்குழம்பு நன்றாக இருக்கும்?" என்று காவலனிடமே கேட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ராஜா பூரணத்தம்மாள் சத்திரத்தில் பாய் விரித்ததும், அங்கே இடம் பிடிக்க அடிதடி. இடம் கிடைக்காதவர்கள், தங்கள் சத்திரமே ஒசத்தி என்று காட்டத் தலைப்பட்டார்கள். சேனாதிபதி தங்கிய இடத்தில் மூன்று கூட்டு என்று கேள்விப்பட்டுப் புரோகிதர் தம் கைக்காசைப் போட்டு ஐந்து கூட்டு வைக்கச் சொன்னார். மல்லர்களைத் தினமும் தன் வாசலில் ஆடவைக்க ஆளாளுக்குப் போட்டி. மூன்று நாள் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. முதலில் போகிறவனை ராஜா மறந்துவிடுவாரே என்ற பயம்.

ராஜா சத்திரத்தில் சாப்பிடுகிறார் என்ற செய்தி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பறந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அரிசி வாங்க வைத்திருந்த காசில் ஒரு பிடியை மிச்சம் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். ஆறாம் நாள் வாயிலில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட உள்ளூர்க்காரர் இல்லை.

ஏழாம் நாள் சத்திர வாசலிலேயே சபை கூடியது. விரூபாட்சர் மறுபேச்சில்லாமல் களஞ்சியச் சாவியை எடுத்து வைத்தார். கப்பல்கள் திரும்பி வரும்வரை மாதாமாதம் நெல்லும் எண்ணெயும் என்று தீர்ப்பானது.

"கூத்தபிரான், உனக்கு என்ன வேண்டும்?" என்றார் ராஜா.

"எனக்கென்ன பிரபு, நான் சும்மா நின்றேன். சத்திரங்களை நிரப்பியது விரூபாட்சர் எழுதிய ஓலை. ஒரு மாலையை அவருக்குப் போடச் சொல்லுங்கள்."

சொல்லி முடிப்பதற்குள் பூரணத்தம்மாளும் மல்லர்களும் விரூபாட்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீங்க நல்லாருக்கணும் சாமி!" என்று அந்தம்மாள் கண்ணீரோடு கும்பிட்டாள். வீரபாகு மாலையைப் போட்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். திட்டவும் முடியாமல், இறங்கவும் முடியாமல், கழுத்தில் மாலையோடு அவர் மேலே ஆடியதைப் பார்த்து ராஜா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வேகத்தில் தம் பட்டுச் சால்வையை உருவிக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார்.

மாலையோடு வீடு திரும்புகையில் விரூபாட்சருக்கு அன்று முதல்முறையாகத் தெருவெல்லாம் கும்பிடு. நெஞ்சு கொஞ்சம் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் பாதி வழியில் பல்லக்கை நிறுத்தி, அந்தச் சால்வை எத்தனை முழம் என்று விசாரித்து வர ஆள் அனுப்பினாராம்.